25 எழுத்துகள்

இதயத்தசைச் செல்கள் குழந்தை பிறந்த சிறிது காலத்திலேயே பெரும்பாலும் பகுப்படைவதை நிறுத்திவிடுகின்றன. எனவே சுமை கூடும்போது அவை எண்ணிக்கையில் பெருகாமல் பருமனில் வளர்கின்றன. கருப்பருவத்தில் இயங்கிப் பின்னர் அடங்கிய சில மரபணுக்கள் அப்போது மீண்டும் விழிக்கின்றன. அவ்விழிப்பில் கால்சிநியூரின் என்னும் நொதிக்குள்ள பங்கை 1998இல் அமெரிக்க ஆய்வாளர்கள் எலிகளில் நிறுவினர். இரத்த அழுத்தம் போன்ற சுமை எதுவுமின்றியே சில குடும்பங்களில் தலைமுறைதோறும் இதயச்சுவர் தடிப்பது வேறு வகை. அதன் வேர் மரபணுவிலேயே உள்ளது.

அத்தகைய இந்தியக் குடும்பங்களை மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் சி. இராஜமாணிக்கத்தின் ஆய்வுக்குழு ஆராய்ந்தது. ஜெர்மானிய அறிஞர்களுடன் இணைந்து 2003இல் வெளியிட்ட கட்டுரையில், எம்ஒய்பிபிசி3 என்னும் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டிருப்பதை அக்குழு சுட்டியது. மயோசின் இழைகளைப் பற்றி நிற்கும் புரதம் ஒன்றை ஆக்குவது இம்மரபணு. விடுபட்ட பகுதியோ புரதத்திற்கான குறிப்பு எதுவும் இல்லாத இன்ட்ரானில் உள்ளது. ஆயினும் ஆர்என்ஏவை வெட்டி ஒட்டும் வேளையில் அக்குறை இடறுகிறது; 33ஆம் எக்ஸான் தவறிப்போய், புரதத்தின் வால் திரிந்துவிடுகிறது.

2009இல் 'நேச்சர் ஜெனெடிக்ஸ்' இதழில் பெருங்கட்டுரை வந்தது. தண்டபாணி முதலாசிரியர், ஐதராபாத்தின் தங்கராஜ் உடனாசிரியர்களுள் ஒருவர். தெற்காசியரில் ஏறத்தாழ 4 விழுக்காட்டினர் இக்குறையைத் தாங்குகின்றனர் என்றும், அவர்களுக்கு இதயத்தசை நோய்க்கான வாய்ப்பு பன்மடங்கு என்றும் அது கூறிற்று. ஏறக்குறைய 6 கோடிப் பேர் என்று செய்திகள் பரவின.

அக்கணக்கிலேயே ஒரு முரண் இருந்தது. தசைமிகைவளர்ச்சி நோய் பொதுவாக 500 பேரில் ஒருவருக்கே காணப்படும். தாங்குவோரோ 25 பேரில் ஒருவர்! பெரும்பாலோர் நோயின்றியே வாழ்கின்றனர் என்பது வெளிப்படை. நோய் பெரும்பாலும் முதுமையில் தோன்றுவதால் இயற்கைத் தேர்வு அதைக் களையவில்லை என்ற விளக்கம் முரணின் ஒரு பகுதியையே தீர்த்தது.

விடை மெல்ல வந்தது. 25 எழுத்துகளை இழந்தோரில் சிலரிடம் அதே மரபணுவில் வேறொரு மாற்றமும் உடனுறைவதை 2018இல் அமெரிக்கவாழ் தெற்காசியரிடையே நடந்த ஆய்வு கண்டது. அதில் பங்கேற்ற சக்திவேல் சடையப்பன் மதுரைக் குழுவின் முன்னாள் மாணவர். 2020இல் வெளியான மறுமதிப்பீடு இன்னும் தெளிவாகச் சொன்னது. உடனிருந்து உண்மையில் கேடு செய்வது வேறோர் இன்ட்ரானில் நேர்ந்த ஓரெழுத்து மாற்றம். அதுவும் வெட்டி ஒட்டும் வேலையையே குலைக்கிறது. இரண்டும் கொண்டோர் மிகச் சிலர். 25 எழுத்து நீக்கத்தின் மேல் ஏற்றப்பட்ட பழி, பெரும்பகுதி அச்சிறு குழுவினால் வந்தது.

மதுரையின் கண்டுபிடிப்பு இதனால் பொய்யாகவில்லை. நீக்கம் உண்மை, அதன் பரவலும் உண்மை. மாறியது அதன் பொருள். பரிசோதனை அறிக்கையில் 25 எழுத்து நீக்கம் என்று மட்டும் கண்டவர், அம்மற்றோர் எழுத்தும் பார்க்கப்பட்டதா என்று தம் மருத்துவரிடம் கேட்கலாம்.