கணக்கும் கடனும் சேமிப்பும்
கண்டிப் பெருந்தோட்டச் சூழலில் பணத்திட்டக் கல்வி – ஒரு வரலாற்று நோக்கு

மாணவருக்குப் பணத்தைக் கையாளும் முறையைக் கற்பித்தல் வேண்டும் என்னும் கருத்து இன்று பலராலும் வலியுறுத்தப்படுகின்றது. இலங்கை மத்திய வங்கி 2024 ஆம் ஆண்டில் வெளியிட்ட, 2024–2028 காலப்பகுதிக்குரிய நிதியறிவு வழிவரைபடமும் இந்நோக்கினை உடையதே. வரவு செலவைத் திட்டமிடல், குறிக்கோள் வகுத்தல், சேமித்தல் ஆகியன நல்ல பாடங்கள் என்பதில் ஐயமில்லை. ஆயின், கண்டியிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் தமிழ்மொழி மூலம் கற்கும் மாணவர் பலர் பெருந்தோட்டத் தொழிலாளரின் வழிவந்தோராவர். கணக்கேட்டோடு அவர்தம் குடும்பங்களுக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட, கசப்பான தொடர்புண்டு. அத்தொடர்பினை விளங்கிக்கொள்ளாது சிக்கனத்தைப் போதிக்கப் புகுவோமாயின், நமது போதனை அம்மாணவரின் செவியில் ஏறாது. இக்கட்டுரையில் அவ்வரலாற்றைச் சுருக்கமாக நோக்கி, அதிலிருந்து பெறத்தக்க பாடம் யாதென ஆராய முற்படுகின்றோம்.

வருவாய் சிறிதாயினும், செலவு அதனை விஞ்சாதிருப்பின் கேடில்லை என்னும் கருத்தை வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்திலே கூறிச் சென்றார். பணத்திட்டக் கல்வியின் சாரம் முழுவதும் இதனுள் அடங்கும் எனலாம். எனினும் இக்கருத்துக்கு ஒரு முற்கோள் உண்டு. வருவாய் எவ்வளவு என்பது உழைப்பவனுக்குத் தெரிந்திருத்தல் வேண்டும். செலவைத் தீர்மானிக்கும் உரிமையும் அவனிடத்தே இருத்தல் வேண்டும். கண்டிச் சீமையின் தோட்டங்களிலே இவ்விரண்டும் நெடுங்காலம் இல்லாதிருந்தன.

கண்டிப் பிரதேசத்திற் கோப்பிச் செய்கை 1820 களில் தொடங்கிப் பின்னர் விரைந்து பரவியது. 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் ஹேவாஹெட்டைப் பகுதியின் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலையை வர்த்தக நோக்கோடு பயிரிட்டார். இவ்விரு பயிர்களுக்கும் வேண்டிய உழைப்பைத் தென்னிந்தியாவிலிருந்து திரட்டித் தந்தவர் கங்காணிமார். வழிச்செலவுக்கெனவும் உணவுக்கெனவும் கொடுக்கப்பட்ட முற்பணம் தொழிலாளியின் பெயரிற் கடனாகப் பதியப்பட்டது. ஆகவே அவன் முதல்நாள் வேலைக்கு இறங்குமுன்னரே கடனாளியாகிவிட்டான். கூலி மாதக்கணக்கிற் பிந்துவதும் வழமையாயிருந்தது. பிந்திய கூலிக்கும் வாங்கிய அரிசிக்கும் இடையே எஞ்சியது எவ்வளவு என்பதைக் கங்காணியும் கணக்கப்பிள்ளையும் அறிவர், உழைத்தவன் அறியான்.

இந்நிலையின் உச்சம் ‘துண்டு’ முறையாகும். ஒரு தோட்டத்தை விட்டு நீங்க விரும்புவோரின் கடன் இவ்வளவு, அது செலுத்தப்படின் அவர்களை விடுவிப்போம் எனத் துரை எழுதிக்கொடுக்கும் சீட்டே துண்டு. புதிய தோட்டம் அத்தொகையைச் செலுத்தி அவர்களை ஏற்றுக்கொள்ளும். கடன் தீர்ந்ததுபோலத் தோன்றினும் உண்மையில் அது தீரவில்லை. ஓர் ஏட்டினின்றும் மற்றோர் ஏட்டுக்கு மாறியது, அவ்வளவே. தன்னைப் பற்றிய கணக்கைத் தானே சுமந்து சென்றும், அதனை வாசிக்க இயலாத நிலையிலேயே தொழிலாளி இருந்தான். 1921 ஆம் ஆண்டின் சட்டத்தால் துண்டு முறை ஒழிக்கப்பட்டது.

அடுத்து வந்த பெரிய மாற்றம் குறைந்தபட்சக் கூலியாகும். 1927 ஆம் ஆண்டின் சட்டத்தைத் தொடர்ந்து 1929 இல் நடைமுறைக்கு வந்த விகிதப்படி, இடைநாட்டுத் தோட்டங்களில் நாளொன்றுக்கு ஆணுக்கு 52 சதமும் பெண்ணுக்கு 41 சதமும் வழங்கப்பட்டன. தோட்டம் வழங்கும் அரிசியின் விலை புசலுக்கு 6 ரூபா 40 சதத்தை மேற்படலாகாது எனவும் விதிக்கப்பட்டது. இவ்வெண்களை ஒரு மாணவன் கரும்பலகையில் எழுதிப் பார்ப்பானாக. அவ்வுச்ச விலையில் ஒரு புசல் அரிசி வாங்குவதற்கு ஆணொருவனின் பன்னிரண்டு நாட் கூலியும் போதாது. பெண்ணொருத்திக்குப் பதினைந்து நாட் கூலியும் போதாது. எஞ்சிய நாட்களின் ஊதியத்திலேதான் உப்பும் புளியும், துணியும் மருந்தும், பழங்கடனும் அடங்கவேண்டும். ஒரே மலையில் உழைத்த ஆணுக்கும் பெண்ணுக்கும் சமகூலி கிடைத்தது 1984 இலேயே என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. ‘இவர்கள் சேமிக்கத் தெரியாதவர்கள்’ என்னும் பழிச்சொல்லுக்கு இக்கணக்கைவிடத் தெளிவான மறுமொழி வேண்டுவதில்லை.

இவ்விடத்திற் கோ. நடேசய்யரைக் குறிப்பிடாது விடமுடியாது. தஞ்சையிலே வர்த்தக பாடம் போதித்த ஆசிரியராகவும் ‘வர்த்தகமித்திரன்’ இதழின் ஆசிரியராகவும் விளங்கிய அவர், பின்னர் இலங்கைக்கு வந்து தோட்டத் தொழிலாளரின் தலைவரானார். 1931 இல் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். வரவும் பற்றும் கற்பித்த ஆசிரியர் ஒருவர் தொழிற்சங்கவாதியானமை தற்செயலன்று என்றே நாம் கருதுகின்றோம். கணக்கை வாசிக்கத் தெரிந்தவனுக்கே அதில் உள்ள அநீதியும் புலனாகும்.

இனி, சேமிப்பினைக் கற்பிக்க எழுந்த முயற்சிகளை நோக்குவோம். ஐரோப்பாவிலே, பெல்ஜிய நாட்டின் கென்ற் நகரப் பேராசிரியர் பிரான்சுவா லோரன், 1866 இல் பாடசாலைகளிற் சேமிப்பு முறையைப் புகுத்தினார். இலங்கையில் 1832 இல் இலங்கைச் சேமிப்பு வங்கியும் 1885 இல் தபாலகச் சேமிப்பு வங்கியும் தோன்றின. இவை உள்ளிட்ட நிறுவனங்களை இணைத்து 1972 இல் தேசிய சேமிப்பு வங்கி உருவாயிற்று. எனினும் தபாலகம் பட்டினத்தில் இருந்தது. தொழிலாளி லயத்தில் இருந்தான். இடையிலிருந்த தூரம் வெறும் கல்தொலைவு மட்டுமன்று. எழுத்தறிவும் ஓய்வுநாளும் அத்தூரத்தின் பகுதிகளே.

கூட்டுறவுச் சிக்கன கடனுதவி இயக்கத்தின் தொடக்கமும் கண்டி மாவட்டத்தோடு தொடர்புடையது. தெல்தெனியாவை உள்ளடக்கிய தும்பறைப் பகுதியில் 1906 இல் முதற் சங்கம் அமைந்தது. 1911 இல் அதற்கான சட்டம் வந்தது. 1978 இல் பி. ஏ. கிரிவந்தெனிய இவ்வியக்கத்துக்குப் புத்துயிரூட்டினார். ஆயினும் கிராமத்தை அடிப்படையாகக் கொண்டு வளர்ந்த இவ்வியக்கத்தின் பயன், கூப்பிடு தூரத்திலிருந்த தோட்டங்களுக்கு அதே அளவிற் கிட்டியதெனக் கூறுதற்கில்லை.

அவ்வாறாயின் தோட்டங்களிற் சேமிப்பு மரபே இல்லையா? உண்டு. லயத்துப் பெண்கள் தம்முள் நடத்திவரும் சீட்டு அத்தகையது. இத்தனை பேர், இத்தனை மாதம், இன்னாருக்கு இன்ன மாதம் என்னும் ஒழுங்கு அதில் உண்டு. மகளின் தோடு, மகனின் பாடசாலைச் செலவு என்னும் குறிக்கோளும் உண்டு. இதற்கு நேரெதிரானது தீபாவளி முற்பணம். பத்தாயிரம் ரூபாவை முற்பணமாகப் பெற்று, மாதம் ஆயிரமாகப் பத்து மாதம் சம்பளத்திற் கழிக்கவிடுதல் ஒருவகை. மாதம் ஆயிரமாகப் பத்து மாதம் சீட்டில் இட்டுப் பண்டிகைக்கு எடுத்தல் மற்றொருவகை. தொகை ஒன்றே, காலமும் ஒன்றே. முன்னதிற் கணக்குப் பிறர் கையிலும் பின்னதில் தம் கையிலும் இருக்கின்றது. குறிக்கோள் என்னும் சொல்லை விளக்க இதனினும் பொருத்தமான உதாரணம் நமது மாணவருக்குக் கிடைப்பது அரிது.

எனினும் தனிமனித ஒழுக்கத்துக்கும் எல்லையுண்டு. 2022 செப்டெம்பரிற் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி ஆண்டுப் பணவீக்கம் 69.8 சதவீதமாயிருந்தது. அதாவது ஓராண்டுக்கு முன் நூறு ரூபாவுக்கு வாங்கியதற்கு ஏறக்குறைய நூற்றெழுபது ரூபா வேண்டியதாயிற்று. செவ்வனே திட்டமிட்ட குடும்பங்களின் திட்டங்களும் அவ்வாண்டிற் சிதைந்தன. இதனை மறைத்து, வறுமையெல்லாம் ஊதாரித்தனத்தின் விளைவே எனக் கற்பிப்பது வரலாற்றுக்கு முரணாகும்.

எனவே பணத்திட்டக் கல்வி ஒரு முறையிற் செல்லவேண்டும் என்பது நமது துணிபு. முதலிற் சம்பளச் சீட்டை வாசிக்கக் கற்பித்தல் வேண்டும். வேலைநாட் கணக்கும் ஒவ்வொரு கழிவும் மாணவனுக்கு விளங்குதல் வேண்டும். அடுத்து வட்டியையும் தவணையையும் கணித்தல். அதன்பின் குடும்பத்தின் வரவு செலவை எழுதுதல். இறுதியாகவே குறிக்கோளும் சேமிப்பும். மகாபொலப் புலமைப்பரிசில் 1981 ஆம் ஆண்டின் சட்டத்தால் நிறுவப்பட்டது முதல், பேராதனைக்கு வரும் வறிய மாணவருட் பலர் ஒழுங்கான ஒரு தொகையைத் தம் கையிற் பெறும் முதல் அனுபவம் அதுவேயாகும். அன்றிரவே ஒரு கொப்பியை எடுத்து அத்தொகையை முதல்வரியில் எழுதும் மாணவன், வெறும் சிக்கனத்தைக் கடைப்பிடிப்பவனல்லன். தன் பாட்டனின் கணக்கை எழுதிய அயற்கையினின்றும் எழுதுகோலை மீட்டுக்கொள்பவன் அவன்.