எங்கே நிறுத்துவது? – துணிக்கைக் கணக்கில் எல்லை வகுத்த வரலாறு

முடிவின்றிக் கிளைத்துச் செல்லும் ஒன்றைக் கணக்கிடப் புகுவோர், அக்கணக்கை எவ்விடத்தில் நிறுத்துவது என முன்னரே துணிதல் வேண்டும். அத்துணிபு பிழைப்பின் விடையும் பிழைக்கும். துணிக்கைப் பௌதிகவியலில் இவ்வினா எழுந்தவாற்றையும் அதற்கு விடை காணப்பட்டவாற்றையும் நோக்குவதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

நம் மலையகத்தார்க்கு உறவுடைய ஓரிடத்திலிருந்தே தொடங்கலாம். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்பின் தோட்டங்களை நீங்கிச் சென்றோர் பலர் குடியேறிய மலை நீலகிரி. அங்கே உதகமண்டலத்தில், ஏறத்தாழ 2200 மீற்றர் உயரத்தில், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் அண்டக்கதிர் ஆய்வுகூடம் அமைந்துள்ளது. அதன் 'கிரேப்ஸ்-3' கருவித்தொகுதியில், 560 சதுர மீற்றர் பரப்பில், 3712 மியூவான் எண்ணிகள் அடுக்கப்பட்டுள்ளன. அவற்றின்மேல் ஏறத்தாழ 2 மீற்றர் தடிப்புள்ள கொங்கிரீட்டுப் படை உள்ளது. செங்குத்தாக வரும் மியூவான்களுள், 100 கோடி இலத்திரன் வோல்ற்றுக்குக் குறைந்த ஆற்றலுடையவை அதனைக் கடப்பதில்லை. இது பருப்பொருளால் அமைந்த எல்லை.

2014 டிசம்பர் 1ஆந் திகதி இம்மலைமீது இடிமுகில் ஒன்று கவிந்தபோது மியூவான் எண்ணிக்கை குறைந்தது. அக்குறைவைக் கொண்டு, முகிலின் மின்னழுத்தம் ஏறத்தாழ 130 கோடி வோல்ற்று என ஆய்வாளர் 2019இல் வெளியிட்டனர். கருவி அளந்தது எண்ணிக்கையை மட்டுமே. வோல்ற்றளவோ, வளிமண்டலத்தில் துணிக்கைகள் செல்லும் வழியைக் கணனியில் நடத்திப் பார்த்துப் பெறப்பட்டது. அதற்குதவிய 'கோர்சிக்கா' என்னும் நிரல், எவ்வாற்றலுக்குக் கீழே துணிக்கைகளைப் பின்தொடராது விடலாம் என்பதை அதனைக் கையாள்வோரிடமே கேட்கின்றது. இது மனிதர் வகுக்கும் எல்லை.

இத்தகைய கணக்கு கணனியின்றியும் செய்யப்பட்டதுண்டு. 1952இல் றொபேட் வில்சன் என்பார் சக்கரமொன்றைச் சுழற்றி, ஈயத்தினுள் துணிக்கைப் பொழிவு பெருகும் வகையைக் கையாலேயே கணித்தார். பின்னர் கணனிகள் கொண்டு கணித்தபோதும் தொல்லை தீரவில்லை. ஆற்றல் குறையுந்தோறும், பிறக்கும் காம்மாக் கதிர்களும் தெறிக்கும் இலத்திரன்களும் எண்ணிறந்தனவாகப் பெருகுதலே அதற்குக் காரணம். ஆதலின் 1980களில் ஐரோப்பாவின் சேர்ன் ஆய்வகத்து 'ஜியண்ட்-3' நிரலில் எல்லை ஆற்றலளவாகவே இடப்பட்டது.

ஆயின் ஆற்றல் மட்டும் போதிய அளவுகோலன்று. 10 இலட்சம் இலத்திரன் வோல்ற்று ஆற்றலுடைய இலத்திரன் காற்றில் ஏறத்தாழ 4 மீற்றர் செல்லும். ஈயத்திலோ 1 மில்லிமீற்றருக்குள் அடங்கிவிடும். இதனையுணர்ந்தே 1998இல் வெளிவந்த 'ஜியண்ட்-4', எல்லையைத் தூரமாக வைத்தது. அதில் இயல்பாக இடப்பட்டுள்ள அளவு 0.7 மில்லிமீற்றர். இலத்திரனுக்கு இது ஈயத்தில் ஏறத்தாழ 10 இலட்சம் இலத்திரன் வோல்ற்றாகவும், நீரில் அதனினும் குறைந்த ஆற்றலாகவும் மாறும். அத்தூரத்தையேனும் கடக்கமாட்டாத துணிக்கை தனியே படைக்கப்படுவதில்லை. அதன் ஆற்றல் பிறந்தவிடத்திலேயே சேர்க்கப்படும். தேயிலைத் தொழிற்சாலையில் சல்லடைக்குக் கீழ் விழும் தூள் வீசப்படாது, தனி நிறையாகக் கணக்கேறுதலை இதற்கு ஒப்பிடலாம்.

எனினும் 0.7 மில்லிமீற்றர் எவ்விடத்தும் பொருந்தும் அளவன்று. உதகையில் உள்ள 5 சென்ரிமீற்றர் தடிப்புடைய மினுக்கத் தகட்டிற்கு அது சிறிது, 0.3 மில்லிமீற்றர் தடிப்புடைய சிலிக்கன் தகட்டிற்கோ மிகப் பெரிது. ஆதலால் எல்லையைப் பத்திலொன்றாகக் குறைத்து மீண்டும் கணித்தல் வேண்டும். விடை மாறாதாயின் எல்லை தக்கது. மாறுமாயின், முன்னர்ப் பெற்ற விடை இயற்கையினுடையதன்று, நாம் இட்ட எல்லையினுடையதே. இச்சோதனையையும் எல்லையின் அளவையும் முடிவோடு சேர்த்து வெளியிடுதல் ஆய்வாளர் கடனாகும். பிறர் அம்முடிவை மறுபடி சோதிப்பதற்கு வேறு வழியில்லை.