கணக்கில் வராத கை

1969 மே 5, லாஸ் ஏஞ்சலஸ். இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம். ஜெயித்தால் கொட்டுவதற்காக, லேக்கர்ஸ் அணியின் முதலாளி அரங்கக் கூரையில் ஆயிரக்கணக்கான பலூன்களைக் கட்டி வைத்திருந்தார். அவை கீழே இறங்கவே இல்லை. பாஸ்டன் செல்டிக்ஸ் 108-106 என வென்றது. பில் ரஸ்ஸலுக்கு அதுதான் கடைசி ஆட்டம். 13 சீசன்களில் 11ஆவது சாம்பியன் பட்டம். அணியின் கோச்சும் அவர்தான். அன்று அவர் எடுத்த புள்ளிகள் எத்தனை தெரியுமா? ஆறு. ரீபவுண்ட் மட்டும் 21. எதிரணியில் ஜெர்ரி வெஸ்ட் 42 புள்ளி எடுத்துத் தோற்றார்.

ரஸ்ஸலைப் பற்றி எழுதுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அவருடைய மிகப் பெரிய திறமைக்குக் கணக்கே கிடையாது. எதிராளி எறியும் பந்தைத் தடுக்கும் பிளாக்கை என்.பி.ஏ. அதிகாரபூர்வமாக எண்ணத் தொடங்கியது 1973-74இல்தான். அதற்குள் அவர் ஓய்வுபெற்று நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. நான் தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்ப்பவன். மெஷின் நின்றால் ரெண்டு பக்கத்துக்கு ரிப்போர்ட் எழுதணும். நிற்காமல் ஓடிய மாதத்தைப் பற்றி யாரும் ஒரு வரிகூடக் கேட்பதில்லை. ரஸ்ஸல் மேல் எனக்கு ஈர்ப்பு வந்தது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

1950களின் கோச்சுகளுக்கு ஒரு பாலபாடம் இருந்தது: தடுப்பவன் தரையை விட்டு எழும்பக் கூடாது. ரஸ்ஸல் எழும்பினார். உயரம் தாண்டும் வீரர் வேறு. சான் ஃபிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்தில் அறைத்தோழர் கே.சி. ஜோன்ஸோடு உட்கார்ந்து பந்து எந்தக் கோணத்தில் வரும், எங்கே நின்றால் பாதை அடைபடும் என்று மணிக்கணக்கில் பேசுவாராம். அந்த அணி 1955, 1956 என இரண்டு தேசியப் பட்டங்களை வென்றது.

அவருடைய பிளாக்கில் நான் ரசிப்பது உயரத்தை அல்ல. பலரும் பந்தை ஓங்கி அறைந்து கூட்டத்துக்குள் அனுப்புவார்கள். கைதட்டல் கிடைக்கும், ஆனால் பந்து திரும்ப எதிரணிக்கே போய்விடும். ரஸ்ஸல் அதை மெல்லத் தட்டி, முடிந்தவரை மைதானத்துக்குள்ளேயே வைத்துக்கொள்வார். சக ஆட்டக்காரன் எடுத்துக்கொண்டு ஓடுவான். ஸ்கோர் புத்தகத்தில் அவன் பெயர் ஏறும். இடது கைக்காரர் என்பதால், வலது கையால் எறிபவரின் பந்துக்கு நேர் எதிரே அவருடைய கை நிற்கும். கொஞ்ச நாளில் அவர் பந்தைத் தொடவே தேவையில்லாமல் போனது. இருக்கிறாரா என்று எதிராளி ஒரு கணம் தேடினாலே போதும், எறி தப்பிவிடும்.

1961-62இல் வில்ட் சேம்பர்லின் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 50.4 புள்ளி எடுத்தார். அப்போது சிறந்த வீரர் விருதுக்கு வாக்களித்தவர்கள் ஆட்டக்காரர்களே. அவர்கள் தேர்ந்தெடுத்தது ரஸ்ஸலை. பத்திரிகையாளர்கள் தேர்ந்தெடுத்த லீக்கின் முதல் அணியிலோ அவர் இல்லை, இரண்டாம் அணியில்தான் இருந்தார். 1958இலும் 1961இலும்கூட இதே கதைதான். எதிரே நின்று விளையாடியவனுக்குத் தெரிந்தது மேலே உட்கார்ந்து பார்த்தவனுக்குத் தெரியவில்லை.

இதையெல்லாம் வைத்து அவரைத் தன்னலமற்றவர், பணிவானவர் என்று சொல்லிவிடுவது சுலபம். முதல் சொல் சரி. இரண்டாவது சுத்தமா பொருந்தாது. 1961இல் கென்டக்கியின் லெக்சிங்டனில், ஹோட்டல் காபிக்கடையில் சக கறுப்பின வீரர்களுக்குப் பரிமாற மறுத்தார்கள். ரஸ்ஸலும் மற்ற கறுப்பின வீரர்களும் அன்றைய காட்சி ஆட்டத்தை விட்டுவிட்டு விமானம் ஏறிவிட்டார்கள். பாஸ்டன் அருகே ரீடிங் ஊரில் அவர் வீட்டை உடைத்துப் புகுந்தவர்கள், சுவரில் இனவெறி வசை எழுதி, படுக்கையில் மலம் கழித்துவிட்டுப் போனார்கள். ஊருக்காகக் கோப்பை மேல் கோப்பையாகக் கொண்டுவந்தவரின் வீடு அது. அவர் ரசிகர்களுக்குக் கையெழுத்துப் போட மறுத்தார். திமிர் பிடித்தவர் என்றார்கள். இருக்கட்டுமே! பந்தை எல்லோருக்கும் கொடுத்தவர், தன்னை யாருக்குக் கொடுக்க வேண்டும் என்பதைத் தானே முடிவு செய்தார். இரண்டும் ஒரே மனிதனின் குணம்தான் என்று எனக்குப் படுகிறது.

1966இல் அவர் செல்டிக்ஸின் கோச் ஆனார். என்.பி.ஏ.வின் முதல் கறுப்பினத் தலைமைக் கோச் அவர்தான். 1972இல் அவருடைய 6ஆம் எண் சட்டைக்கு ஓய்வளித்தபோது, ரசிகர்கள் உள்ளே வருவதற்கு முன், சக வீரர்கள் சிலர் மட்டும் நிற்க, அதை மேலே ஏற்றச் சொன்னார்.

1975இல் கூடைப்பந்தின் புகழ் மண்டபத்துக்குத் தேர்வானார், விழாவுக்குப் போகவில்லை. தனக்கு முன்னால் வந்த கறுப்பின வீரர்கள் அங்கே முதலில் இடம்பெற்றிருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். 1950இல் என்.பி.ஏ. அணியொன்று தேர்ந்தெடுத்த முதல் கறுப்பினர் சக் கூப்பர், தேர்ந்தெடுத்ததும் செல்டிக்ஸ்தான். கூப்பர் 1984இல் இறந்துவிட்டார். புகழ் மண்டபம் அவரைச் சேர்த்துக்கொண்டது 2019இல். அந்த வருட நவம்பரில், நெருங்கியவர்கள் சிலர் மட்டுமே இருந்த சின்ன நிகழ்வொன்றில், ரஸ்ஸல் தன் மோதிரத்தை வாங்கிக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 85.