25 கிலோபைட் வரம்பை மறுவாசித்தல்: கையடக்கக் கணினி உலாவிகளில் கேஷ் அமைப்புகள், 1996–2022

கையடக்கக் கருவிகளில் உலாவி பக்கங்களைச் சேமித்து வைக்கும் கேஷைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் 2008 பிப்ரவரியில் யாஹூவின் செயல்திறன் ஆய்வுக் குழு வெளியிட்ட ஐபோன் அளவீட்டிலிருந்தே தொடங்குகிறார்கள். டென்னி தியூரரும் அவருடைய சக ஆய்வாளரும் அதில் மூன்று முடிவுகளைத் தந்தனர். ஐபோனின் சஃபாரி 25 கிலோபைட்டுக்கு மேற்பட்ட கோப்பைக் கேஷில் வைப்பதில்லை. கேஷின் மொத்தக் கொள்ளளவு 475 முதல் 500 கிலோபைட் வரை. கருவியை அணைத்து மீண்டும் இயக்கினால் கேஷில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. இவற்றைக் கருவியின் இயல்பாகவே எடுத்துக்கொண்ட அவர்கள், பக்கத்தின் ஒவ்வொரு கோப்பையும் 25 கிலோபைட்டுக்குள் அடக்குங்கள் என்று பக்கம் அமைப்போருக்கு அறிவுரை கூறினர். பின்னால் வந்தவர்கள் அந்த அறிவுரைக்குக் காரணமும் சேர்த்துக்கொண்டார்கள்: கையடக்கக் கருவியில் நினைவகம் குறைவு, அதனால் கேஷும் சிறிது.

அளவீட்டை நான் ஏற்கிறேன். அதை வாசித்த முறைதான் கேஷ் அமைப்புகளின் வரலாற்றைத் தலைகீழாக்கிவிட்டது என்பது என் வாதம்.

முதலில் எண்கள். 475 என்பது 25இன் 19 மடங்கு, 500 என்பது 20 மடங்கு. 25 கிலோபைட் கோப்புகளை ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்க்கும்போது 19 தங்கி, 20ஆவது தங்காமல் போனால் கிடைக்கக்கூடிய இடைவெளி இதுவே. அப்படியானால் வரம்பின் இரு முனைகளையும் தந்தது அளவுகோலின் அலகு. உண்மையான எல்லை இடையில் எங்கும் இருக்கலாம். அது பைட்டுக்கு வைத்த எல்லையா, கோப்புகளின் எண்ணிக்கைக்கு வைத்த எல்லையா என்பதும் இந்த இரண்டு எண்களை மட்டும் வைத்துத் தீராது. 2010இல் யாஹூவிலிருந்தே வந்த மறு அளவீடுகள் வேறு வரம்புகளைத் தந்ததை இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 25 கிலோபைட் என்பது ஒரு குறிப்பிட்ட மென்பொருள் பதிப்பில் ஒருவர் எடுத்த முடிவு. கையடக்கக் கருவி என்ற இனத்தின் குணம் அல்ல.

யாஹூ ஆய்வாளர்களின் வலுவான சான்று வேறிடத்தில் இருக்கிறது. சர்வர் ஜிஜிப் முறையில் சுருக்கி அனுப்பினாலும், விரித்த பிறகு உள்ள அளவுதான் கணக்கில் கொள்ளப்பட்டது. இதையும், அணைத்தால் அழிவதையும் சேர்த்துப் பார்த்தால் கேஷ் ரேமில்தான் இருந்தது என்பது உறுதியாகிறது. ஆனால் ரேமில் இருந்தது என்பதால் ரேம் போதாமல் இருந்தது என்று ஆகிவிடாது. முதல் ஐபோனின் ரேம் 128 மெகாபைட். அதில் 500 கிலோபைட் என்பது நூற்றில் அரைப் பங்குகூட இல்லை. பக்கத்திலேயே 4 அல்லது 8 ஜிகாபைட் ஃபிளாஷ் இருந்தது. யாஹூவின் கட்டுரை வந்த அதே மாதத்தில் 16 ஜிகாபைட் மாதிரியும் வந்துவிட்டது. அடிக்கடி எழுதினால் ஃபிளாஷ் தேயும் என்ற கவலை காரணமாக இருந்திருக்கலாம் என்பார்கள். அந்தக் கவலை மின்னஞ்சலையோ புகைப்படங்களையோ ஃபிளாஷில் எழுதவிடாமல் தடுக்கவில்லை. கேஷுக்கு மட்டும் அந்த இடம் மறுக்கப்பட்டது.

நினைவகம் உண்மையிலேயே குறைவாக இருந்த காலத்துக்குப் போவோம். 1996 நவம்பரில் விண்டோஸ் சிஇ வெளிவந்தபோது முதல் கையடக்கக் கணினிகளின் ரேம் 2 அல்லது 4 மெகாபைட். பாக்கெட் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் அவற்றோடு வந்தது. 2000இல் பாக்கெட் பிசி வந்தது. காம்பாக் ஐபேக் 3600 வரிசையில் 32 மெகாபைட் ரேம், அதற்குள்ளேதான் நிரல்களும் கோப்புகளும். அமைப்புகளில் நினைவகப் பக்கத்தைத் திறந்தால் நகர்த்தக்கூடிய ஒரு கோடு தெரியும்: ஒரு புறம் சேமிப்புக்கு, மறுபுறம் நிரல்களுக்கு. உலாவியின் கேஷ் விண்டோஸ் ஃபோல்டருக்குள் புரொஃபைல்ஸ், அதற்குள் கெஸ்ட், அதற்குள் டெம்பரரி இன்டர்நெட் ஃபைல்ஸ் என்ற சாதாரண ஃபோல்டராகச் சேமிப்புப் பகுதியில் உட்கார்ந்திருந்தது. படங்கள் நிறைந்த செய்திப் பக்கம் ஒன்றைத் திறந்தால், பயனரின் குறிப்புகளுக்கான இடம் அந்த அளவுக்குக் குறையும். அது அவர் கண்ணுக்கும் தெரியும். உலாவியின் ஆப்ஷன்ஸில் தற்காலிகக் கோப்புகளை நீக்கும் பொத்தான் இருந்தது. விவரம் தெரிந்தவர்கள் ரெஜிஸ்ட்ரியில் பாதையை மாற்றி, கேஷை நினைவக அட்டைக்கே கொண்டுபோனார்கள். மின்கலம் முற்றிலும் தீர்ந்தால் கேஷோடு முகவரிகளும் போய்விடும். 2005இல் விண்டோஸ் மொபைல் 5.0 சேமிப்பை ஃபிளாஷுக்கு மாற்றிய பிறகே அந்த நிலை மாறியது. ஐபோனில் முகவரிகள் தங்கின, கேஷ் மட்டும் போயிற்று. வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றும் இந்த இரண்டு இழப்புகளையும் ஒரே காரணத்தால் விளக்க முடியாது.

பாம் கருவிகளின் வழியிலும் இதே போக்குதான். 1997இல் தோன்றி 2009 வரை நடந்த அவான்ட்கோ சேவையில், கணினியோடு இணைக்கும்போது பக்கங்கள் கருவிக்குள் இறங்கும். ஒவ்வொரு சேனலுக்கும் உச்ச அளவு எவ்வளவு, இணைப்புகளை எத்தனை அடுக்கு தொடர வேண்டும், படங்கள் வேண்டுமா என்பதையெல்லாம் பயனரே குறித்துத் தருவார். 2004இல் வந்த ட்ரியோ 650இல் பயனருக்குக் கிடைத்த நினைவகம் ஏறத்தாழ 23 மெகாபைட். அதன் பிளேசர் உலாவி, பக்கங்களைச் சேமிக்க எவ்வளவு நினைவகம் ஒதுக்கலாம் என்று கேட்டது. வெளியேறும்போது கேஷை அழிக்கவா என்றும் கேட்டது. இடம் குறைந்த கருவி உரியவரிடம் கேட்டது. இடம் மிகுந்த கருவி கேட்கவில்லை. பற்றாக்குறை விளக்கத்தால் இந்த முரணைக் கடக்க முடியவில்லை.

கேட்பதிலிருந்து கேட்காமைக்கு நேர்ந்த இந்த மாற்றத்துக்கு எழுத்துச் சான்று தேடியபோது, எல்லோரும் தாண்டிப் போகும் ஒரு பத்தி கிடைத்தது. எச்டிடிபியை விவரிக்கும் 1996 மே மாதத்து ஆவணமான ஆர்எஃப்சி 1945, பக்கத்தின் காலாவதி நேரத்தைக் குறிக்கும் எக்ஸ்பயர்ஸ் தலைப்பை விளக்கும் இடத்தில் பேக் பொத்தானைப் பற்றிப் பேசுகிறது. பக்கம் இன்னும் சேமிப்பில் இருந்தால், காலாவதியாகியிருந்தாலும் அதைக் காட்ட வேண்டும். பயனரே புதுப்பிக்கும்படி அமைத்திருந்தால் மட்டும் விலக்கு. 1997இன் ஆர்எஃப்சி 2068இலும் 1999இன் ஆர்எஃப்சி 2616இலும் இது 13.13 என்ற தனிப் பிரிவாக வளர்ந்தது. பழைய பக்கத்தைக் காட்ட மறுக்கும் உலாவிகள் பெருகினால், பக்கம் எழுதுவோர் காலாவதிக் கட்டுப்பாடுகளையே கைவிட்டு, ஒருமுறை மட்டும் செல்லும் முகவரிகள் போன்ற குறுக்குவழிகளுக்குப் போவார்கள் என்ற எச்சரிக்கையும் அங்கே இருக்கிறது. மோடத்தில் டயல் செய்து படித்த கையடக்கக் கணினிக்கு இந்தப் பத்தி எவ்வளவு பொருந்தியது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை: தொடர்பைத் துண்டித்த பிறகு கையில் இருப்பது பழைய பக்கம் மட்டுமே.

2014 ஜூனில் வந்த ஆர்எஃப்சி 7234இல் அதே பத்தி 6ஆம் பிரிவாக நிற்கிறது, சுருங்கிய வடிவில். பேக் பொத்தான் உண்டு, காலாவதியான பக்கத்தைக் காட்டலாம் என்பதும் உண்டு. பயனர் அமைத்திருந்தால் என்ற விலக்கு மட்டும் இல்லை. சொற்சிக்கனத்துக்காக வெட்டினார்கள் என்று யாரும் சொல்லலாம். ஆனால் அதே பத்தியில் நோ-ஸ்டோர் கட்டளையை உலாவி மதிப்பதில் தடையில்லை என்ற வாசகம் சேர்ந்திருக்கிறது. நோ-ஸ்டோர், அதாவது சேமிக்காதே என்பது, பெரும்பாலும் சர்வரிடமிருந்து வரும் கட்டளை. பயனரின் விருப்பம் நின்ற இடத்தில் பக்கத்தை அனுப்புபவரின் விருப்பம் வந்து நிற்கிறது. ஒரே பத்தியை வைத்து இவ்வளவு சொல்லலாமா என்று கேட்பது நியாயம். கருவிகளின் அமைப்புப் பக்கங்களும் அதே திசையில் நகர்ந்திருக்காவிட்டால் நானும் தயங்கியிருப்பேன்.

முதல் ஐபோனின் சஃபாரி அமைப்புகளில் கேஷ், குக்கி, வரலாறு ஆகிய மூன்றையும் தனித்தனியே அழிக்கலாம். அளவை மாற்ற மட்டும் வழியில்லை. 2014 செப்டம்பரில் வந்த ஐஓஎஸ் 8இல் வரலாற்றையும் தளத் தரவையும் ஒன்றாக அழிக்கும் ஒரே பொத்தான் வந்தது. ஆர்எஃப்சி 7234 வந்த அதே ஆண்டு! இந்தப் பொருத்தத்தை நான் சான்றாகக் கொள்ளவில்லை. அந்த வரையறையைத் திருத்திய பணிக்குழு 2007இலேயே தொடங்கிவிட்டது. வெளியீட்டு ஆண்டை அந்த வாசகத்தை நீக்கிய ஆண்டாகக் கொள்ள இயலாது. கருவிகளின் பக்கமும் தெளிவான கோடு கிடையாது. 2007 இறுதியில் வந்த பாம் சென்ட்ரோவில் பிளேசர் தொடர்ந்தது. பயனரிடம் அளவு கேட்ட மரபும் கேட்காத மரபும் ஒரே காலத்தில் விற்பனையில் இருந்தன. 2005க்கும் 2014க்கும் இடைப்பட்ட மாற்றம் என்று சொல்வதற்கு மேல் நெருக்கிக் குறிப்பிட நான் துணியவில்லை.

2022 ஜூனில் வந்த ஆர்எஃப்சி 9111இல் பயனரின் கட்டுப்பாடு மீண்டும் தலைகாட்டுகிறது. பயனருக்குத் தெரியாமலோ அவர் எளிதில் கட்டுப்படுத்த முடியாமலோ ஒரு செயலி தரவைச் சேமித்தால், எச்டிடிபி கேஷ் கட்டளைகள் அங்கே எப்படிச் செயல்படும் என்பதை அது வரையறுத்துச் சொல்ல வேண்டும் என்று, பேக் பொத்தானைப் பற்றிப் பேசும் அதன் பிரிவு வலியுறுத்துகிறது. இதைப் பழைய விலக்கின் மறுவருகை என்று கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் அந்த வாக்கியம் தரும் காரணம் வேறு: கேஷ் விதிகள் மதிக்கப்படும் என்று நம்பிப் பக்கம் எழுதியவர் திடுக்கிடக் கூடாது. 1996இன் வாசகத்தில் அமைப்பை மாற்றும் உரிமை கருவியை வைத்திருப்பவருக்கு இருந்தது. 2022இன் வாசகத்தில் அவருக்கு எளிய கட்டுப்பாடு இல்லாத நிலைக்கு, பக்கத்தின் ஆசிரியரை முன்னிட்டு விதி வகுக்கப்படுகிறது.