தீர்ப்புக்குப் பிறகு என்ன ஆனார்கள்?

நீதிமன்றத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இது தெரியும். தீர்ப்பு வந்து, அப்பீல் காலமும் முடிந்தால் கட்டு ரெக்கார்டு ரூமுக்குப் போய்விடும். தண்டனை பெற்றவன் எப்போது வெளியே வந்தான், பிறகு பிழைத்தானா, மறுபடி கெட்டானா என்பதெல்லாம் அந்தக் கட்டில் இருக்காது. முப்பது வருஷத்துக்கு மேல் கட்டுகளோடு குடித்தனம் நடத்திய எனக்கு அந்தக் கேள்வி மட்டும் ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை. அதனால்தான் லண்டன் ஓல்டு பெய்லி ஆவணங்களின் கதையை இங்கே எழுதுகிறேன்.

ஓல்டு பெய்லி லண்டனின் பெரிய குற்றவியல் நீதிமன்றம். அங்கே நடந்த விசாரணைகளின் அறிக்கை 1674 முதல் 1913 வரை அச்சாகி வெளிவந்தது. ஆரம்பத்தில் அது ஜனங்கள் காசு கொடுத்து வாங்கிப் படித்த பரபரப்புச் சமாச்சாரம்தான். மொத்தம் 1,97,000 வழக்குகளுக்கு மேல். டிம் ஹிட்ச்காக், ராபர்ட் ஷூமேக்கர், கிளைவ் எம்ஸ்லி என்ற வரலாற்றுப் பேராசிரியர்களின் முயற்சியால் 2003-இல் இவை இணையத்தில் ஏறத் தொடங்கின. 2008-இல் 1913 வரை முழுவதும் வந்துவிட்டது.

ஏற்றிய முறை எனக்கு மிகவும் பிடித்தது. 1834 வரையிலான பகுதியை இரண்டு பேர் தனித்தனியாக டைப் அடித்தார்கள். இரண்டும் எங்கே வேறுபடுகின்றன என்று கம்ப்யூட்டர் காட்டியது. எங்கள் நகல் பிரிவில் ரீடர் வாசிக்க, எக்ஸாமினர் சரிபார்ப்பார். அதே தத்துவம். இந்த மாதிரித் திட்டங்களில் பேராசிரியர்கள் பெயர் நிற்கும். டைப் அடித்தவர்கள் பெயர் நிற்காது. அது எங்கும் உள்ளதுதான்.

ஏறிய சொற்கள் சுமார் 12 கோடியே 70 லட்சம். ஒருவர் உட்கார்ந்து படித்து முடிக்கிற காரியமா? பிரிட்டன், அமெரிக்கா, கனடா மூன்று நாட்டு ஆய்வாளர்கள் கூடினார்கள். ஆவணம் பிரிட்டனுடையது. வேண்டியதைச் சேகரித்து அடுக்க ஜோட்டெரோ என்ற அமெரிக்கக் கருவி. சொற்களை எண்ணிப் பார்க்க வோயண்ட் என்ற கனடாக் கருவி. அவரவர் ஊரிலிருந்தே வேலை செய்தார்கள். 1825-க்குப் பிறகு குற்றத்தை ஒப்புக்கொள்பவர்கள் பெருகியதும், பல வழக்குகள் இரண்டு மூன்று வரியில் முடிந்ததும் அந்த எண்ணிக்கையில் பளிச்சென்று தெரிந்தன.

ஆனாலும் இதுவும் தீர்ப்போடு நின்றுவிடுகிறது. மீதிக் கதை கடலுக்கு அப்பால், ஆஸ்திரேலியாவில் இருந்தது.

1803 முதல் 1853 வரை டாஸ்மேனியாவுக்கு மட்டும் சுமார் 73,000 கைதிகள் கப்பலேற்றப்பட்டார்கள். தப்பி ஓடினால் அடையாளம் காண வேண்டுமே என்று உயரம், கண் நிறம், சொந்த ஊர், தொழில், பச்சை குத்தியிருந்தது வரை அங்கே குமாஸ்தாக்கள் பதிந்தார்கள். பின்னால் அங்கே செய்த குற்றம், வாங்கிய கசையடி எல்லாம் அதே பெயரின் கீழ் ஏறின. லண்டனில் ஆரம்பம், டாஸ்மேனியாவில் முடிவு.

நாடு கடத்துவது நல்லதா, சிறையில் அடைப்பது நல்லதா என்று ஜெரமி பெந்தம் 1802-லேயே சண்டை போட்டார். நடுவில் ஒரே காவலாளி நின்று எல்லாரையும் பார்க்கும்படியான வட்டச் சிறை அவருடைய யோசனை. அதற்குப் பெயர் பனாப்டிகான். அவர் இருந்தவரை அந்தச் சிறையை அரசாங்கம் கட்டவில்லை. அந்தப் பெயரையே எடுத்துக்கொண்டு, ‘டிஜிட்டல் பனாப்டிகான்’ என்று லிவர்பூல், ஷெஃபீல்டு, ஆக்ஸ்ஃபோர்டு, சசெக்ஸ், டாஸ்மேனியா பல்கலைக்கழகங்கள் சேர்ந்து, சுமார் 50 ஆவணத் தொகுப்புகளை இணைத்து, 90,000 பேரின் வாழ்க்கையைத் தொடர்ந்து பார்த்தன. 2017-இல் அது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது.

இணைப்பது லேசான வேலை இல்லை. ஜான் ஸ்மித் என்று எத்தனை பேர்! பெயரை மாற்றிச் சொன்னவர்கள் வேறு. வயது, விசாரணைத் தேதி, கப்பலின் பெயர் இவற்றை வைத்துக் கம்ப்யூட்டர் பொருத்தம் சொல்லும், ஆனால் அது அனுமானம்தான். இப்படி இணைத்துப் பார்க்கும்போது ஒரு விஷயம் துலங்குகிறது. நாடு கடத்தல் தண்டனை பெற்ற எல்லாரும் கப்பலேறவில்லை. பலர் நங்கூரமிட்ட பழைய கப்பல்களிலேயே சிறையிருந்தார்கள், சிலருக்கு மன்னிப்பு கிடைத்தது. மரண தண்டனை பெற்றவர்களில் மிகப் பலர் தூக்கில் தொங்கவில்லை. தீர்ப்பை மட்டும் வைத்து அக்காலத் தண்டனையை எடை போட்டவர்கள் பாதிக் கணக்கைத்தான் பார்த்திருக்கிறார்கள் என்பது என் கட்சி.

டாஸ்மேனியாவில் கைதியின் வாரிசு என்று சொல்லிக்கொள்வது வெகுகாலம் அவமானம். பாட்டன் பெயரையே மறைத்த குடும்பங்கள் உண்டு. இன்று அந்த ஊர்க்காரர்களே தன்னார்வலர்களாக வீட்டிலிருந்தபடி கப்பல் வாரியாகக் கைதிகளைத் தேடிப் பதிந்து ஆய்வாளர்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்: இந்தப் பதிவுகள் எல்லாம் காவலர்கள் எழுதியவை, கைதிகள் எழுதியவை அல்ல. பிரிந்து வந்தவர்களின் பெயரெழுத்துகளைக் கையில் பச்சை குத்தியிருந்தவர்களைப் பற்றி அந்தக் குமாஸ்தா எழுதியதெல்லாம் எந்தக் கை, என்ன எழுத்து என்பதுதான்.

தேடிப் பார்க்கக் கட்டணம் இல்லை. ஒரே பெயரில் பலர் வந்தால் முதலில் விசாரணைத் தேதியையும் பிறகு கப்பலின் பெயரையும் ஒப்பிடுங்கள். வயதைக் கடைசியில் பாருங்கள். அந்தக் காலத்தில் பலர் தங்கள் வயதை உத்தேசமாகத்தான் சொன்னார்கள்.