கண்டி இராச்சியத்தின் கடவைகளும் களிமண் முத்திரைகளும்

கரையோரத்தைக் கைக்கொண்ட போர்த்துக்கேயராலும் ஒல்லாந்தராலும் நிலையாக அடிப்படுத்தப்படாது, கண்டி இராச்சியம் 1815 வரை நின்று நிலவியமைக்கு மலையும் காடும் மகாவலியுமே காரணமென்று கூறுவது வழக்கம். அவ்வியற்கை அரண்களின் இடுக்குகளில் அமைந்த 'கடவத' எனும் காவல் வாயில்கள் அத்துணைக் கவனம் பெறுவதில்லை. கண்டி நகரப் பிரதேச செயலகப் பிரிவின் சிங்களப் பெயரில் 'கடவத் சதர', அதாவது நான்கு கடவைகள், எனும் தொடர் இன்றும் வழங்குகின்றது.

இவ்வாயில்களைப் பற்றிய சிறந்த சான்று, அவற்றுள் அகப்பட்டுக் கிடந்த ஒருவரிடமிருந்தே கிடைக்கின்றது. ஆங்கில மாலுமி றொபேட் நொக்ஸ் 1660இல் கொட்டியாரத்தில் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களாற் பிடிக்கப்பட்டு, பத்தொன்பது ஆண்டுகள் கண்டி நாட்டில் தடுத்துவைக்கப்பட்டார். அவற்றுட் பலவற்றை உடுநுவரவைச் சேர்ந்த எலதெத்தவிற் கழித்தார். வழிகளை மறித்துத் தொங்கவிடப்பட்ட முட்கதவுகளையும், அவற்றருகே இருந்து வருவோர் போவோரை வினவிய காவலரையும் 1681இல் இலண்டனில் வெளிவந்த அவரது நூல் விவரிக்கின்றது. காவலைக் கடப்போருக்கு அரண்மனையிற் களிமண்ணிற் பதித்த முத்திரை வழங்கப்பட்டது. போர்வீரனுக்குத் தோளில் ஈட்டி தாங்கிய மனிதன்; கூலியாளுக்குக் காவடித்தண்டின் இருமுனையிலும் பைகளைச் சுமந்தவன்; வெள்ளையனுக்குத் தொப்பியணிந்து வாள்தரித்தவன். எத்தனை பேர் செல்கின்றனரோ அத்தனை உருவங்கள் பதிந்திருத்தல் வேண்டும். எழுத்தறியாக் காவலனும் ஒரு நோக்கில் அறியத்தக்க இவ்வேற்பாடு வியக்கற்பாலது.

இதனை இன்றைய கணினி வழக்கோடு ஒப்புநோக்குதல் பொருத்தமற்றதன்று. லினக்ஸ் சேவையகமொன்றினுள் தொலைவிலிருந்து புகுவோருக்கு 'எஸ்.எஸ்.எச்.' எனும் வாயில் உண்டு. ஹெல்சிங்கித் தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பிற் கடவுச்சொற்கள் களவாடப்பட்டதையடுத்து, 1995இல் தத்து இலோனென் அதனை ஆக்கினார். இன்று பெருவழக்கிலுள்ள அதன் வடிவத்தில், அமைப்புக்கோப்பில் 'அலவ் யூசர்ஸ்' என எழுதிச் சிலரின் பெயர்களைக் குறித்துவிட்டால், ஏனையோர் சரியான கடவுச்சொல்லைக் கூறினும் அனுமதி பெறார். தனிப்பெயருக்குப் பதிலாகக் குழுவைக் குறிக்க 'அலவ் குறூப்ஸ்' உண்டு. கண்டி முத்திரை இப்பின்னைய வகையைச் சார்ந்தது. அது சுட்டியது ஆளின் தொழிலை, பெயரையன்று. யாருடைய கையில் முத்திரை இருக்கின்றதோ அவனே உரியவன் என்று கொள்ளும் இடர் அதிலிருந்தது. முகமறிந்த ஊர்க்காவலர் இருந்தமையால் அது ஓரளவு தணிந்திருத்தல் கூடும்.

வாயிலிலும் கடினமானது, வாயிலுக்குப் பழக்கமானவனைத் தடுத்தல். நொக்ஸ் தம் தோழர் ஸ்டீபன் றட்லண்டுடன் சிறுபண்டங்கள் விற்கும் வணிகராக வடபுலத்துக்குப் பல ஆண்டுகள் போய்வந்தார். அவ்வழியிலிருந்தோர்க்கு அவர்கள் வழக்கமான வணிகர். 1679 செப்டெம்பரிற் புறப்பட்ட இறுதிப் பயணத்திலும் அதே வேடமே உதவிற்று. உலர்ந்த இறைச்சி வாங்க வந்ததாகக் கூறிக் களுவிலவில் அதிகாரியின் ஐயத்தையும் தீர்த்தனர். அனுராதபுரத்துக்கு அப்பால் யாழ்ப்பாணப் பெருவழியிற் காவல் உண்டென அறிந்ததும் அவ்வழியை விடுத்தனர். மல்வத்து ஓயாவின் கரைக்காட்டினூடே, யானைகளுக்கு அஞ்சியபடி, வாயிலெதுவும் இல்லாத வன்னிநிலத்தைக் கடந்து, ஒக்டோபர் 18ஆந் திகதி அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தனர்.