இம்பெராத்தோர்: ஒரு படைச்சொல்லின் வரலாறும் பெயர்ப்புச் சிக்கலும்

உரோமை வரலாற்றை இலத்தீன் மூலங்களிலிருந்து தமிழாக்குவோர்க்கு ‘இம்பெராத்தோர்’ என்னும் சொல் பெருஞ்சிக்கலைத் தருவதாகும். ஓரிடத்தில் அது ‘படைத்தலைவர்’ எனவும் பிறிதோரிடத்தில் ‘பேரரசர்’ எனவும் பொருள்படும். இவ்விரு பொருள்களுக்கும் இடைப்பட்ட தொலைவே உரோமைக் குடியரசு வீழ்ந்த வரலாறு எனலாம்.

கட்டளையிடுதலைக் குறிக்கும் வினையினின்று பிறந்த இச்சொல், ‘இம்பெரியம்’ எனப்பட்ட ஆணையதிகாரம் உடையவரைச் சுட்டியது. பின்னர், வென்ற தலைவரைப் போர்க்களத்தில் வீரர்கள் முழங்கி அழைக்கும் சிறப்புப் பெயராயிற்று. கி.மு. 208இல் இசுபானியாவில் பெற்ற வெற்றிக்குப்பின் அந்நாட்டு மக்கள் சிப்பியோவை அரசன் என விளித்தனர். உரோமையர் வெறுத்த அப்பெயரை மறுத்த அவர், தம் வீரர்கள் வழங்கிய இப்பெயரே தமக்குப் பெரிது என்றதாக லிவி எழுதுகிறார். இதே நிகழ்ச்சியைக் கிரேக்கத்தில் எழுதிய பொலிபியசு ‘ஸ்திராத்தேகோசு’, அதாவது படைத்தலைவர், என்னும் சொல்லையே ஆண்டார். சிப்பியோ அரசன் என்பதற்கு மாற்றாக ஏற்ற சொல்லே பிற்காலத்தில் அரசனினும் மேம்பட்டோரைக் குறிக்கலாயிற்று.

இப்பெயரைப் பெற்றவர் அதனை என்றும் தாங்குதல் மரபன்று. வெற்றி ஊர்வலம் முடித்து நகரெல்லையுள் புகுந்ததும் அது நீங்கும். நாவலரான சிசெரோவும் கி.மு. 51இல் சிலிசியாவில் சிறு வெற்றி ஒன்றுக்காக இதனைப் பெற்றுத் தம் மடல்களில் தவறாது பொறித்துக்கொண்டார் என்பது சுவையான செய்தி. ஆயின் நிலைமை முன்னரே மாறிவிட்டது. மாரியசு கி.மு. 107இல் நிலமற்ற ஏழையரையும் படையிற் சேர்த்தார். பணி முடிந்தபின் நிலம் பெற்றுத்தர வல்லவர் தளபதியே என வீரர்கள் நம்பத் தொடங்கினர். கி.மு. 88இல் சுல்லா தம் படையை உரோமை நகரின்மீதே நடத்தினார், கி.மு. 49இல் சீசர் உரூபிக்கான் ஆற்றைக் கடந்தார். மாரியசு ஒருவரையே இம்மாற்றத்திற்குக் காரணராக்குவதை இன்றைய ஆய்வாளர் பலர் ஏற்பதில்லை. படைத்திரட்டில் சொத்துத் தகுதி அதற்கு முன்பே தளர்ந்து வந்தது.

கி.மு. 38 அளவில் ஒக்தாவியன் செய்தது இலக்கண நோக்கிலும் புதுமையானது. பெயருக்குப் பின்வரும் பட்டத்தை அவர் முதற்பெயராகவே ஆக்கிக்கொண்டார். கி.பி. 22இல் ஆப்பிரிக்காவில் வென்ற பிளேசுசுக்கு இப்பெயரைத் திபேரியசு இசைந்தளித்தார். ஆளுநர் குடியைச் சாராத ஒருவர் இதனைப் பெற்றது அதுவே இறுதி எனத் தாசித்தசு குறிக்கிறார். கிரேக்கர் இப்போது ‘ஔதோக்கிராத்தோர்’ என வழங்கினர். அச்சொல்லும் முழு அதிகாரம் பெற்ற படைத்தலைவர்க்கு அடையாக முன்பு வழங்கியதே.

தமிழில் ‘ஏனாதி’ என்னும் பட்டம் நினைவுக்கு வரக்கூடும். எனினும் அது மன்னன் படைத்தலைவர்க்கு அளித்தது. இம்பெராத்தோர் வீரர் அளித்தது. எனவே அது பொருந்தாது. சிப்பியோவுக்குப் ‘படைத்தலைவர்’ என்பதும், திராசானுக்குப் ‘பேரரசர்’ என்பதும் ஏற்புடையன. இடர்ப்பாடு கி.பி. 69இல் எழுகிறது. அவ்வாண்டு கீழைப் படைகள் வெசுபாசியனை நோக்கி முழங்கிய சொல் பழைய போர்க்களச் சொல்லே. அம்முழக்கமே அவரை ஆட்சியில் ஏற்றியது. அவ்விடத்தில் இரு தமிழ்ச் சொற்களுள் எதனை இடினும் வீரர்களின் குரலில் பாதி மறையும்; மூலச்சொல்லை ஒலிபெயர்த்து விளக்கந் தருதலே தக்கது.